கடலுக்குள் ஒரு விளக்கு!

கடல் முள்ளெலி என்ற உயிரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பந்து போன்ற ஓடு, அதன் மேல் முட்கள், அடிப்பக்கத்தில் வாய், வாயில் ஐந்து பற்கள். அந்தப் பற்களையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் விலங்கியலில் 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்கிறார்கள். தத்துவ மேதையின் பெயர் இதன் வாய்க்குள் எப்படிப் போனது?

அரிஸ்டாட்டில் கி.மு. 384-ல் கிரேக்கத்தின் வடபகுதியில் ஸ்டகிரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ், மாசிடோனிய மன்னரின் மருத்துவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அரிஸ்டாட்டில், 17 வயதில் ஏதென்ஸ் சென்று பிளேட்டோவின் மாணவரானார். 20 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கி.மு. 347-ல் ஆசிரியர் மறைந்ததும் ஏதென்ஸை விட்டுப் புறப்பட்டார்.

சில ஆண்டுகளில் லெஸ்பாஸ் தீவுக்கு வந்தார். அங்கே பிர்ரா என்ற இடத்தில் பெரிய காயல் இருந்தது. அதில் வாழும் உயிரினங்களை ஆராய்ந்தார். மீனவர்களிடம் விவரம் கேட்டார். பிராணிகளை அறுத்தும் பார்த்தார். அற்ப உயிர் என்று எதையும் ஒதுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சுமார் 500 வகை விலங்குகளைப் பற்றி எழுதினார்.

அக்காலத்தில் சுடர் காற்றில் அணையாதிருக்க, விளக்கைச் சுற்றி மெல்லிய கொம்புத் தகடுகளைப் பொருத்துவார்கள். தகடுகளைக் கழற்றினால் சட்டம் மட்டும் நிற்கும் அல்லவா? கடல் முள்ளெலியை அந்த விளக்குக்கு அவர் ஒப்பிட்டார். அவர் சொன்னது வாயையா, முழு ஓட்டையா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. ஆனால் பெயர் வாய்க்கே நிலைத்துவிட்டது!

இன்னொன்றும் கேளுங்கள். இந்த உயிரிக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'எக்கினோஸ்'. நிலத்தில் வாழும் முள்ளெலிக்கும் அதே பெயர்தான். 'டெர்மா' என்றால் தோல். இரண்டும் சேர்ந்தே 'எக்கினோடெர்மேட்டா' என்ற சொல் பிறந்தது. நம் பாடநூலில் அதுவே 'முட்தோலிகள்'.

பின்னர் அரிஸ்டாட்டில் இளவரசர் அலெக்சாண்டருக்கு ஆசிரியரானார். கி.மு. 335-ல் ஏதென்ஸ் திரும்பி, லைசியம் என்ற கல்விக்கூடத்தை நிறுவினார். கி.மு. 323-ல் அலெக்சாண்டர் இறந்ததும், மாசிடோனியர் மீது ஏதென்ஸ் மக்களுக்கு இருந்த கோபம் இவர் மீதும் திரும்பியது. தெய்வங்களை அவமதித்தார் என்று குற்றம் சாட்டினர். அவர் கால்கிஸ் நகருக்குச் சென்றுவிட்டார். மறு ஆண்டே, 62 வயதில் காலமானார்.

அவர் எழுதிய எல்லாமே சரியல்ல. விலாங்கு மீன் முட்டையிலிருந்து பிறப்பதில்லை, ஈர மண்ணிலிருந்து தோன்றுகிறது என்று நினைத்தார். அது தவறு என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. மேதைகளும் தவறுவதுண்டு. ஆனால் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று அவர் காட்டிய வழி இன்றும் நிலைத்திருக்கிறது.

இனி அறிவியல் பாடத்தில் வாயில் நுழையாத பெயர் வந்தால் பயப்படாதீர்கள், குழந்தைகளே! அதற்கு என்ன பொருள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உள்ளே ஒரு கதை ஒளிந்திருக்கலாம்!