ஊசிமுனையில் ஒரு தொழிற்சாலை

தொழில் நடத்தப் பெருஞ்செல்வமும் உடல் வலிமையும் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்விரண்டும் இன்றியே ஒரு சிறு தையற்கடையைத் தொடங்கி, உலகக் குழந்தைகளின் உள்ளங்களைக் கவர்ந்த பொம்மைத் தொழிற்சாலையாக வளர்த்தவர் மார்கரெட் ஸ்டைஃப் அம்மையார். அவருடைய வாழ்வை நாம் அறிந்துகொள்வது நலம்.

அம்மையார் 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள கீங்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கால்கள் இரண்டும் செயலிழந்தன. வலக்கையையும் எளிதில் தூக்க இயலவில்லை. பெற்றோர் ஊர் ஊராக அழைத்துச் சென்று மருத்துவம் பார்த்தும் பயன் கிட்டவில்லை. ஆயினும் கல்வியை அவர் விடவில்லை. சிறு வண்டியில் அமர வைத்துப் பிள்ளைகள் அவரைப் பள்ளிக்கு இழுத்துச் சென்றனர்.

பதினேழாம் வயதில் தையற்பயிற்சியை முடித்தார். எழுந்து நடக்கும் நாள் வருமா என்று ஏங்கிக்கொண்டே இருந்தால் மனத்திற்கு அமைதி இராது என்பதை அவர் உணர்ந்தார். இல்லாத கால்களின் வலிமையை எண்ணி வருந்துவதை விடுத்து, இருக்கும் கையால் ஆகக்கூடியதில் கருத்தைச் செலுத்தினார். ஸிதர் என்னும் நரம்பிசைக் கருவியைப் பிறருக்குக் கற்பித்துப் பணம் சேர்த்துத் தையல் இயந்திரம் வாங்கினார். அதன் சக்கரமோ வலப்புறத்தில் இருந்தது. அம்மையார் இயந்திரத்தையே திருப்பி வைத்து, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தார்!

1877ஆம் ஆண்டில் ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணியால் ஆடைகள் தைத்து விற்கும் கடையைத் திறந்தார். விற்பனை பெருகவே, தையற்பெண்களைப் பணிக்கு அமர்த்தினார். அக்காலத்தில் ஓர் இதழில் வெளிவந்த யானை உருவத்தைக் கண்டு, ஃபெல்ட் துணியில் குண்டூசி குத்தி வைக்கும் சிறு யானைகளைச் செய்து உறவினருக்குப் பரிசளித்தார். வீட்டுக் குழந்தைகளோ அவற்றை எடுத்து விளையாடத் தொடங்கினர். மற்றவர் சிரித்துவிட்டு மறந்திருப்பர். அம்மையார் அதில் ஒரு புதிய தொழிலைக் கண்டார். யாரும் கேட்கும் வரை காத்திராமல் 1880 முதல் பொம்மைகள் செய்யலானார். ஆனால் சோறு போட்ட ஆடைத் தொழிலை உடனே கைவிடவுமில்லை. 1886ஆம் ஆண்டில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் விற்பனையாயின.

தொழில் வளர்ந்தபோதும் அவருடைய கவனம் சிதறவில்லை. புதிய பொம்மை எதுவாயினும், அதன் முதற்படியைத் தாமே சோதித்துக் குறை நீக்கிய பின்னரே பிறரைச் செய்யச் சொன்னார். குழந்தைகளின் கைக்குப் போகும் பொருளில் சிறு குறையும் இருக்கலாகாது என்பது அவர் கொள்கை.

1902ஆம் ஆண்டில் அவருடைய தம்பியின் பிள்ளைகளுள் ஒருவரான ரிச்சர்டு, கை கால்கள் அசையும் கரடிப் பொம்மையை வடிவமைத்தார். மறு ஆண்டு லைப்சிக் நகரப் பொருட்காட்சியில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரால் அத்தகைய பொம்மைகள் 'டெடி' கரடிகள் எனப் புகழ் பெற்றன. போலிகள் பெருகக்கூடும் என்பதால் 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பொருத்தப்பட்டது. 1907ஆம் ஆண்டில் 9,74,000 கரடிகள் உருவாயின. தொழிற்சாலையில் 400 பேரும், தத்தம் வீட்டிலிருந்தே 1,800 பேரும் வேலை செய்தனர்.

1909ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், தமது 61ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் நிறுவிய தொழில் இன்றும் கீங்கனில் நடைபெறுகிறது. காதுப் பொத்தானும் மறையவில்லை.

தோழியரே! தையல் வகுப்பில் ஊசி பிடிக்கும் நம் கைகளும் நாளை ஒரு சிறு தொழிலை நடத்தலாம். அப்போது எது இல்லை என்று எண்ணி நிற்காமல், கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குவோம். செய்யும் முதற்பொருளைக் குறையறச் செய்வோம். வாய்ப்பு ஊசிக்குப்பியளவே இருப்பினும், அதைக் கண்டு முந்திச் செயல்படுவோம். அதுவே அம்மையார் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.