சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் (1906 - 1948)



ஒரு சிறுகதையை வாசித்துப் புத்தகத்தை மூடிய பின்னரும் அதில் வரும் ஒருவர் உங்கள் மனத்தை விட்டு அகலாமல் நின்றதுண்டா? நாவலைப் போல நூற்றுக்கணக்கான பக்கங்கள் இல்லாத ஒரு சிறிய கதைக்கு அந்த வலிமை எங்கிருந்து வருகின்றது? இந்த வினாவுக்கு விடை காண உதவும் எழுத்தாளர்களுள் புதுமைப்பித்தன் முதன்மையானவர். அவரது வாழ்வையும் கதை சொல்லும் முறையையும் சேர்த்து நோக்குவோம்.

இளமைக் காலம்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். இவர் 1906 ஏப்ரல் 25 ஆம் திகதி தமிழ்நாட்டின் கடலூருக்கு அருகிலுள்ள திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம்பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். அவரது இடமாற்றங்களுடன் மகனின் கல்வியும் ஊர்விட்டு ஊர் மாறியது. எட்டு வயதிலேயே தாயை இழந்தார். 1918 இல் குடும்பம் தனது சொந்த மாவட்டமான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியிற் படித்து 1931 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். நெல்லை மக்களின் பேச்சும் நையாண்டியும் பிற்காலத்தில் இவரது கதைகளுக்கு உயிரூட்டின.

எழுத்துப் பணி

இவரது முதற் படைப்பு 1933 இல் 'காந்தி' இதழில் வெளிவந்தது. எழுத்தையே தொழிலாகக் கொள்ளும் துணிவுடன் சென்னைக்குச் சென்றார். அக்காலத்தில் 'மணிக்கொடி' என்னும் இதழ் புதிய எழுத்தாளர்களுக்குக் களம் அமைத்தது. 1935 இல் அது பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறியது. கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோருடன் புதுமைப்பித்தனும் அங்கு எழுதினார். அதன் பின்னர் 'தினமணி' நாளிதழிற் பணியாற்றினார். ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் 1943 இல் அங்கிருந்து விலகியபோது இவரும் உடன் வெளியேறி, பின்னர் 'தினசரி' நாளிதழிற் சேர்ந்தார்.

பகலில் பத்திரிகை வேலை. வீட்டில் பணத் தட்டுப்பாடு. மனைவி கமலாவைப் பிரிந்து வாழ்ந்த காலங்களும் பல. இவற்றுக்கிடையில் ஏறத்தாழ நூறு சிறுகதைகளை எழுதினார். பிறநாட்டுக் கதைகள் பலவற்றையும் தமிழாக்கம் செய்தார். கவிதைகளை 'வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை' என்ற பெயரில் எழுதினார். 'புதுமைப்பித்தன் கதைகள்' என்னும் தொகுதி 1940 இல் வெளிவந்தது.

கதை சொல்லும் முறை

மாணவர்களே, துன்பத்தைச் சொல்லும் கதை வாசகரை அழவைக்க வேண்டும் என நீங்கள் நினைக்கக்கூடும். புதுமைப்பித்தன் அவ்வாறு செய்யவில்லை. நிகழ்ச்சியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக் கொள்வார். துயரத்தை உணரும் பொறுப்பு நம்மிடம் விடப்படுகின்றது. இதுவே அவரது கதைகளின் வலிமை எனலாம்.

1943 இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்த 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் பிரமநாயகம் பிள்ளையின் நோயாளி மனைவியே செல்லம்மாள். வேறோர் எழுத்தாளராயின், அவள் பிழைப்பாளா என்ற கேள்வியை இறுதிவரை நீட்டியிருப்பார். புதுமைப்பித்தனோ அவளது மரணத்துடனேயே கதையைத் தொடங்குகின்றார். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த தவிட்டு முடிப்பைக் கணவர் சற்று எட்ட வைத்துவிடுகின்றார். இனி அதற்குத் தேவையில்லை. உறவினர் எவரும் அருகில் இல்லை. அதன் பின்னரே கதை பழைய நாட்களுக்குச் செல்கின்றது. முடிவு நமக்கு முன்னரே தெரிந்துவிட்டதால், அவள் ஊருக்குப் போக ஆசைப்பட்டதும் அவர் அவளுக்குச் செய்த சிறுசிறு பணிவிடைகளும் நம் நெஞ்சில் கனக்கின்றன. கணவரின் அன்பைப் பற்றி ஆசிரியர் விரிவுரை எதுவும் செய்யவில்லை. அவரது கைகள் செய்யும் வேலைகளே அதனைக் கூறுகின்றன.

'மனித யந்திரம்' வேறொரு வகையைச் சேர்ந்தது. கடையொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒருநாள் கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட முயல்கின்றார். புகைவண்டி நிலையம் வரை சென்றவர், மனம் மாறித் திரும்பிவந்து பணத்தை வைத்துவிடுகின்றார். தாம் செலவழித்த சிறு தொகையைத் தமது கணக்கிலே பற்று எழுதிக்கொள்கின்றார். இது நேர்மையின் வெற்றியா, அல்லது ஓடுவதற்கும் பழகாத ஓர் எளிய மனிதரின் தோல்வியா? ஆசிரியர் கூறவில்லை. கதையின் தலைப்பையும் அந்தச் சிறு தொகையையும் வைத்துக்கொண்டு நாமே சிந்திக்க வேண்டியுள்ளது.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையில் கடவுள் சென்னை வீதியில் வந்து நிற்கின்றார்; கந்தசாமிப் பிள்ளையுடன் காப்பி அருந்துகின்றார். சிரித்துக்கொண்டே வாசிக்கும் நாம், மனிதரோடு மனிதராக வாழ்வது கடவுளுக்கே இலகுவன்று என்பதை உணர்கின்றோம். எள்ளல் இங்கு வெறும் வேடிக்கையன்று.

'துன்பக்கேணி' நமது நாட்டுடன் தொடர்புடையது. நெல்லைச் சீமையின் ஏழைப் பெண் மருதி, இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் அனுபவிக்கும் கொடுமைகளை இக்கதை காட்டுகின்றது. மலையகத் தொழிலாளரின் துயரத்தை 1930 களிலேயே தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தமை குறிப்பிடத்தக்கது. அடித்தட்டு மக்களை இவர் சித்திரித்த முறை குறித்து விமர்சகரிடையே கருத்து வேறுபாடுகளும் உள்ளன என்பதை நினைவிற் கொள்க.

இறுதிக் காலம்

பத்திரிகைத் துறையை விட்டுத் திரைப்படத் துறைக்குச் சென்ற புதுமைப்பித்தன், சொந்தமாகப் படம் தயாரிக்க முயன்று நட்டமடைந்தார். 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் பூனாவுக்குச் சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. திருவனந்தபுரத்திலிருந்த மனைவியிடம் திரும்பினார். 1948 ஜூன் 30 ஆம் திகதி அங்கு காலமானார். அப்போது அவருக்கு வயது 42. மகள் தினகரி சிறு குழந்தை. நோயும் வறுமையும் ஒரு வீட்டை எவ்வாறு மெல்ல மெல்ல வெறுமையாக்கும் என்பதைச் 'செல்லம்மாள்' கதையில் எழுதியவரின் வீட்டிலும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அதுவே நிகழ்ந்தது. 2002 இல் தமிழ்நாடு அரசு இவரது படைப்புகளை நாட்டுடைமையாக்கியது.

விடை எழுதும்போது

சிறுகதை பற்றிய வினாவுக்குக் கதைச் சுருக்கம் மட்டும் எழுதினால் அது முழுமையான விடையாகாது. கதை எங்கே தொடங்குகின்றது, எந்தச் சிறு பொருள் அல்லது செயல் உணர்ச்சியைத் தாங்குகின்றது, ஆசிரியர் எதைச் சொல்லாமல் விடுகின்றார் என மூன்றையும் தேடுங்கள். 'கதை சோகமானது' என எழுதுவதை விட, தவிட்டு முடிப்பு கீழே வைக்கப்படும் கணத்தைச் சுட்டிக்காட்டுவதே சிறந்த விடை. அவ்வாறு வாசிக்கப் பழகிவிட்டால், பரீட்சை முடிந்த பின்னரும் கதைகள் உங்களுடன் இருக்கும்.

மீட்டல் வினாக்கள்

1. 'மணிக்கொடி' இதழ் சிறுகதை வளர்ச்சிக்கு உதவியவாற்றைக் கூறுக.
2. 'செல்லம்மாள்' கதை மரணத்துடன் தொடங்குவதால் ஏற்படும் பயன் யாது?
3. மீனாட்சிசுந்தரம் பிள்ளை திரும்பி வந்தமை பற்றி உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.