எம்டன் கப்பலின் தலைவர்

வல்லமையும் தந்திரமும் மிக்க ஒருவனை ‘எம்டன்’ எனக் குறிப்பது தமிழ்நாட்டு வழக்கு. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள தருமபுரிப் பகுதியினராகிய நாமும் அச்சொல்லை இளமை முதலே கேட்டு வருகின்றோம். ஆயின், அச்சொல்லுக்குக் காரணமான கப்பலையும் அதன் தலைவரையும் அறிந்தோர் நம்முள் சிலரே. அத்தலைவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

கார்ல் வான் முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி ஜெர்மனி தேசத்து ஹானோவர் நகரில் ஒரு படை அதிகாரியின் மகனாய்ப் பிறந்தார். 1891இல் கடற்படையிற் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணி புரிந்தகாலை அவரைப் பற்றிய மலேரியாச் சுரம் ஆயுள் முழுதும் அவரைவிட்டு அகலவில்லை. 1913இல் எம்டன் அவர் வசம் ஒப்புவிக்கப்பட்டது. அது டான்சிக் நகரில் கட்டப்பெற்று 1908இல் நீரில் இறக்கப்பட்ட சிறு குரூஸர். பத்துப் பீரங்கிகள் உடையது.

1914இல் மகாயுத்தம் மூண்டது. கீழ்த்திசையிலிருந்த ஜெர்மன் கப்பற்படை தென்னமெரிக்கா நோக்கிச் செல்ல, முல்லர் மட்டும் தனித்து இந்து மகாசமுத்திரம் புகுந்தார். மூன்று புகைபோக்கிகளோடு பொய்ப் புகைபோக்கி ஒன்றும் அமைத்து, தம் கப்பலை ஆங்கிலக் கப்பலெனத் தோன்றச் செய்தார். வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. மாலுமிகளைப் பத்திரமாய் இறக்கிய பின்னரே கப்பலை மூழ்குவிப்பதும், அவர்களை வேறொரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவதும் அவர் வழக்கம்.

செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகிச் சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் மாண்டனர். அஞ்சிய மக்கள் பல்லாயிரவர் நகரைவிட்டு வெளியேறினர். குண்டு வீழ்ந்தமையைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்ற மதிலில் உளது.

அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்தில் ‘ஷெம்சுக்’ என்னும் ருஷியக் குரூஸரையும், வெளியே ‘மூஸ்கே’ என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் முல்லர் அழித்தார். பின்னதில் உயிர் தப்பியோரைக் கடலினின்று எடுத்துக் காத்தார். நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்கத் தம் வீரர் சிலரைக் கரையில் இறக்கியிருந்தபோது, ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியக் குரூஸர் தோன்றியது. அதன் பெரும் பீரங்கிகள் எம்டனைச் சிதைத்தன. எஞ்சியோரேனும் பிழைக்க வேண்டிக் கப்பலைப் பவளப்பாறை மீது ஏற்றினார். 130க்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

சிறைப்பட்ட முல்லர் முதலில் மால்டாவிலும், பின்னர் இங்கிலாந்திலும் இருந்தார். 1917இல் சுரங்கவழியே தப்பி, மீண்டும் பிடிபட்டார். நோயினால் 1918இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டிலேயே தாயகம் அடைந்தார். ஜெர்மனியின் உயர்ந்த போர்விருது அவருக்குக் கிடைத்தது. தம் தோழர் சிந்திய குருதியாற் பொருள் ஈட்ட மனமின்றித் தம் சரிதத்தை நூலாக எழுத மறுத்தார் என்பர். 1923ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் தேதி, ஐம்பது ஆண்டும் நிரம்பாமுன் காலமானார்.

பகைவர் பத்திரிகைகளும் அவர் கண்ணியத்தைப் புகழ்ந்தன, அப்புகழ் தகுதியுடையதே. எனினும் சென்னையில் உயிர்நீத்தோர் அந்த யுத்தத்தைத் தேடிச் சென்றவரல்லர். அவர்க்கு அக்கண்ணியம் பயன்படவில்லை. நல்லவன் கையிலும் பீரங்கி பீரங்கியே. வீரரைப் போற்றுங்கால், பெயரறியாத அவ்வேழையரையும் நாம் உடன் நினைத்தல் வேண்டும்.