அகதா கிறிஸ்டியும் பீட்டரும்

துப்பறியும் கதைகள் படிக்கும் வீட்டில் அகதா கிறிஸ்டியின் புத்தகம் ஒன்றாவது இருக்கும். 66 துப்பறியும் நாவல்கள், 14 சிறுகதைத் தொகுப்புகள், 1952ல் லண்டனில் தொடங்கி கொரோனா வந்து அரங்கை மூடும் வரை இடைவிடாமல் ஓடிய 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் என்று அவருடைய சாதனைக் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். அந்த வாழ்க்கையில் நாய்களுக்கு இருந்த இடம் அவ்வளவாகத் தெரியாது. நம் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்களுக்கும், லிஃப்டில் நாய் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1890ல் இங்கிலாந்தின் டார்க்கி என்ற கடலோர ஊரில் பிறந்தார். அக்காவும் அண்ணனும் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்கள். சிறுவயதில் அகதாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பெரிய வீடு, பெரிய தோட்டம், விளையாடத் துணையில்லாத ஒரு குழந்தை. ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு யார்க்‌ஷயர் டெரியர் குட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் குழந்தைக்குப் பேச்சே வரவில்லை. நன்றி கூடச் சொல்லாமல் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தனக்கே தனக்கென்று ஒரு நாய் வந்துவிட்டது என்பதை நிதானமாக யோசித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குட்டிக்கு வைத்த பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். கூப்பிட்டது டோனி என்று.

11 வயதில் அப்பா இறந்தார். வீட்டில் பணத்தட்டுப்பாடு. 1914ல், முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில், ஆர்ச்சி கிறிஸ்டி என்ற விமானப்படை அதிகாரியை மணந்தார். கணவர் போர்முனையில் இருக்க, இவர் டார்க்கி மருத்துவமனையில் நர்ஸாகவும் பிறகு மருந்து கலக்கும் பிரிவிலும் வேலை பார்த்தார். அதற்கான தேர்விலும் தேறினார். அவர் கதைகளில் விஷம் அவ்வளவு துல்லியமாக வருவதற்குக் காரணம் இந்த வேலைதான். உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது என்று அக்கா எப்போதோ விட்ட சவால் மனதில் இருந்தது. வேலை குறைந்த நேரங்களில் எழுத ஆரம்பித்தார். பாதியில் நின்றபோது அம்மாவின் யோசனைப்படி விடுமுறை எடுத்துக்கொண்டு டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் போனார். காலையில் எழுத்து. பிற்பகலில் பாத்திரங்களின் வசனங்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி தனியாக நெடுந்தூரம் நடை. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவல் 1920ல் வெளியானது. ஹெர்க்யூல் பொய்ரோ பிறந்தது அதில்தான். கைக்கு வந்தது 25 பவுண்டு.

1926ல் எல்லாம் சரிந்தது. வசந்த காலத்தில் அம்மா இறந்தார். அம்மாவின் வீட்டை ஒழித்துப்போடும் வேலையில் அகதா மூழ்கியிருந்த மாதங்களில், ஆர்ச்சி நான்சி நீல் என்ற பெண்ணைக் காதலித்து, விவாகரத்து வேண்டும் என்றார். டிசம்பர் 3 இரவு, ஏழு வயது மகள் ரோசலிண்டை வீட்டில் விட்டுவிட்டு அகதா காரில் கிளம்பினார். மறுநாள் கார் மட்டும் கிடைத்தது. நாடே தேடியது. 11 நாள் கழித்து ஹாரோகேட் நகர ஹோட்டல் ஒன்றில் கண்டுபிடித்தபோது, கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரில் அறை எடுத்திருந்தார். ஞாபகமறதி என்று குடும்பம் சொன்னது. விளம்பர நாடகம் என்று பத்திரிகைகள் ஏசின. சுயசரிதையில் அவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அதைத் துருவுவதை விட, அடுத்த இரண்டு வருடங்களை அவர் எப்படிக் கடந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தெரிந்தவர்களில் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். எதிர்பாராத சிலர் கூட நின்றார்கள். அகதாவும், காரியதரிசியும் தோழியுமான சார்லட் ஃபிஷரும் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பட்டியல் போட்டார்கள். கூட நின்றவர்கள் விசுவாச நாய்கள் சங்கம், கைவிட்டவர்கள் எலிகள் சங்கம். நாய் என்பதை உயர்ந்த பட்டமாகக் கொடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அப்போது வீட்டில் பீட்டர் இருந்தான். முரட்டு முடி கொண்ட வயர்-ஹேர்டு டெரியர். மிக மோசமான ஒரு காலத்தில் பற்றிக்கொள்ள ஒரு நாயைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருந்ததைப் பற்றிப் பின்னாளில் கடிதத்தில் எழுதினார். அது பீட்டர்தான்.

ஆனால் நாய் வாடகை கட்டாது. 1927ல் மகளையும் சார்லட்டையும் கூட்டிக்கொண்டு கனேரித் தீவுகளுக்குப் போய், 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்' நாவலை முடிக்க உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல சார்லட் எழுதிக்கொள்ள, நடுவில் ரோசலிண்ட் வந்து நிற்பாள். எழுத்தில் துளியும் சந்தோஷம் இல்லை. அந்த நாவலைக் கடைசி வரை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் முடித்தார். மனசு வராதபோதும், எழுதுவது பிடிக்காதபோதும் எழுதியாக வேண்டும் என்ற நிலையில்தான் தான் தொழில்முறை எழுத்தாளரானதாக அவரே கருதினார். பிறகு வந்த அத்தனை புகழும் அந்தப் பிடிக்காத புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது என்பேன்.

1928ல் விவாகரத்து. அதே வருடம் தன்னந்தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலேறி பாக்தாத் பக்கம் போனார். அடுத்த பயணத்தில், ஊர் என்ற பழைய நகரத்தின் அகழாய்வில், தன்னை விடச் சுமார் 14 வயது இளையவரான மேக்ஸ் மல்லோவனைச் சந்தித்து 1930ல் மணந்தார். மேலே சொன்ன கடிதம் இந்த மேக்ஸுக்கு எழுதியதுதான். இந்த மணவாழ்க்கை 45 வருடம் நீடித்தது.

1937ல் 'டம்ப் விட்னஸ்' வெளிவந்தது. வாய் பேசாத சாட்சி. அந்தச் சாட்சி பாப் என்ற வயர்-ஹேர்டு டெரியர். பந்தை மாடிப்படியின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே தள்ளிவிடுவது அவனுடைய விளையாட்டு. ஒருநாள் இரவு வீட்டு எஜமானி அந்தப் படியில் உருண்டு விழுகிறார். பந்தில் கால் வைத்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பாப் அன்று இரவு முழுக்க வெளியே சுற்றிக்கொண்டிருந்தவன். அப்படியானால் பந்தை அங்கே வைத்தது யார்?

அகதாவின் கைத்திறன் முழுக்க இதில் இருக்கிறது. பெரிய ரகசிய அறை, விசித்திர ஆயுதம் எதுவும் தேவையில்லை. வீட்டில் தினமும் நடக்கும் ஒரு பழக்கம் போதும். எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் என்பதால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று குற்றவாளி கணக்குப் போடுகிறார். வாசகரும் அதே காரணத்தால்தான் ஏமாறுகிறார். துப்பு கண்ணெதிரே இருக்கும், மறைத்து வைக்கப்பட்டிருக்காது. டெரியரோடு வருடக்கணக்கில் வாழாதவர் இந்தப் பந்தை யோசித்திருக்க முடியாது. பாப் என்ன நினைக்கிறான் என்பதையும் வசனமாகவே எழுதியிருக்கிறார். நாய் வளர்ப்பவர்கள் படித்தால் சிரிப்பார்கள். புத்தகத்தைப் பீட்டருக்கே சமர்ப்பணம் செய்தார். அடுத்த வருடம் பீட்டர் இறந்தான். இதே கதையின் சிறுகதை வடிவம் ஒன்று அவருடைய காகிதங்களுக்குள் கிடந்து, 2009ல்தான் அச்சானது.

1938ல் டெவன் பகுதியில் ஆற்றைப் பார்த்த கிரீன்வே வீட்டை 6,000 பவுண்டுக்கு வாங்கினார். இத்தனை எழுதியவர் தனி எழுத்தறைக்காகக் காத்திருந்தவர் அல்ல. டைப்ரைட்டர் ஆடாமல் நிற்க ஒரு மேஜை போதும். கதை முடிச்சுகளை யோசித்தது குளியல் தொட்டியில், ஆப்பிள் கடித்துக்கொண்டு.

கடைசியாக வளர்த்தது பிங்கோ என்ற மான்செஸ்டர் டெரியர். அதை மனதில் வைத்து உருவாக்கிய ஹானிபல் என்ற நாய், 1973ல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' நாவலில் வருகிறது. அவர் எழுதிய கடைசி நாவல் அது. பிறகு வெளியான இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்தவை. வெளிப்படையாகச் சொன்னால், சுமாரான நாவல். 80 வயதைக் கடந்தவரின் கதை இழை அங்கங்கே அறுகிறது, சொன்னதையே சொல்கிறது. ஹானிபல் வரும் இடங்கள் மட்டும் தடுமாறவில்லை. சமர்ப்பணம் ஹானிபலுக்கும் அவனுடைய எஜமானருக்கும். 1976 ஜனவரி 12 அன்று, 85வது வயதில், வாலிங்ஃபோர்டுக்கு அருகில் இருந்த வீட்டில் அகதா காலமானார்.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் 'டம்ப் விட்னஸ்' கிடைத்தால் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பந்து விஷயத்தை இங்கே சொல்லிவிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம். அதை வைத்துக் கொலையாளியைப் பிடித்துவிட முடியாது.