கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சி. வி. ராமனுடன் இணைந்து உழைத்தவர் என்றே பலரும் இவரை அறிவர். எனினும் அறிவியல் உலகில் இவருக்குத் தனி இடம் தேடித் தந்தவை, அதன் பின்னர் இவர் மேற்கொண்ட காந்தவியல் ஆய்வுகளே.

இளமையும் கல்வியும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியையும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் உயர்கல்வியையும் பெற்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். நண்பகல் இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களைத் தீர்க்க இவர் நடத்திய கலந்துரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் வந்தனர்.

ராமனுடன் ஆய்வு

ஆராய்ச்சியில் நாட்டம் கொண்டு 1920 இல் கல்கத்தா சென்றார். 1923 இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். ஒரு பொருளினுள் புகுந்து சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்தில் மாற்றம் பெறுகிறது என்பதே 1928 பிப்ரவரியில் அங்குக் கண்டறியப்பட்ட உண்மை. ஏறத்தாழ 60 திரவங்களில் இது சோதிக்கப்பட்டது. நேச்சர் இதழில் வெளியான முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவரின் பெயர்களும் இடம்பெற்றன. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது அறிவியல் வரலாற்றாளரிடையே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

காந்தவியல் ஆய்வுகள்

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகச் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போசு அப்போது அங்குப் பேராசிரியராக இருந்தார். ஒரு படிகத்தின் காந்தப் பண்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை அளக்க, கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் வைத்தனர். இழையை முறுக்கும்போது படிகம் எக்கோணத்தில் சட்டெனத் திரும்புகிறது என்பதிலிருந்து வேறுபாடு கணக்கிடப்பட்டது. எளிய கருவியால் செய்யப்பட்ட இவ்வளவீடுகள், படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறிய உதவின. ஊடுகதிர் ஆய்வில் புகழ்பெற்ற கேத்லீன் லான்சுடேலுடன் இணைந்து இது குறித்து 1936 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

1933 இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக இப்பணியைத் தொடர்ந்தார். 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

விடுதலை பெற்ற இந்தியாவில் எடை, நீளம், காலம் முதலியவற்றிற்குரிய அளவைத் தரங்களைப் பேண ஓர் ஆய்வகம் தேவைப்பட்டது. 1947 இல் தில்லியில் நிறுவப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்று, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். 1948 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்திலும் ஓமி பாபா, சாந்தி சுவரூப் பட்நாகர் ஆகியோருடன் உறுப்பினராக இருந்தார். நிருவாகப் பொறுப்புகள் பெருகிய நிலையிலும் ஆய்வைக் கைவிடவில்லை. சூடான உலோகங்களிலிருந்து எதிர்மின்னிகள் வெளியேறுவதையும், மின்னோட்டத்தால் சூடேறும் இழைகளில் வெப்பநிலை பரவியிருக்கும் முறையையும் இளம் ஆய்வாளருடன் ஆராய்ந்தார்.

சிறப்புகள்

1946 இல் சர் பட்டமும், 1954 இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். 1958 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் விருது இவருக்கே அளிக்கப்பட்டது. தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். பிறர் பெயரால் வழங்கும் ஒரு கண்டுபிடிப்பில் பங்குகொண்ட ஆய்வாளர், தமக்கென வேறொரு துறையை வளர்த்து, நாட்டின் ஆய்வு நிறுவனமொன்றையும் உருவாக்கினார் என்பதே இவர் வாழ்வின் சிறப்பாகும்.