ஆட்டோ வார்பர்க்: புற்றுசெல்லின் ஆற்றலை ஆராய்ந்தவர்

சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்றுநோய் குணமாகும் என்று உங்களிடம் யாரேனும் கூறியிருக்கலாம். அதற்குச் சான்றாக, நோபல் பரிசு பெற்ற ஆட்டோ வார்பர்க்கின் பெயரையும் சொல்லியிருக்கலாம். அவர் உண்மையில் கண்டறிந்தது என்ன என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

வாழ்வும் ஆய்வும்

வார்பர்க் 1883-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பிறந்தார். தந்தை இயற்பியல் பேராசிரியர். வேதியியலும் மருத்துவமும் பயின்ற வார்பர்க், 1920-களில் பெர்லினில் எலிகளின் புற்றுக்கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தார். போதிய ஆக்சிஜன் இருந்தும், புற்றுசெல்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்து லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார்.

1931-இல் அவர் நோபல் பரிசு பெற்றது புற்றுநோய் ஆய்வுக்காக அன்று. செல் சுவாசத்திற்குரிய நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. தந்தை யூத மரபினர் என்பதால், நாஜி ஆட்சியில் 1941-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சில வாரங்களில் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். செல் சுவாசம் பழுதடைவதே புற்றுநோயின் மூலகாரணம் என்ற கருத்தை, 1970-இல் மறையும் வரை அவர் கைவிடவில்லை.

பின்னர் தெரியவந்தவை

செல் சுவாசம் நடைபெறும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அதற்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு என்பது 1960-களில் உறுதியாயிற்று. அதில் 37 மரபணுக்கள் உள்ளன. பலவகைப் புற்றுக்கட்டிகளில் இந்த டி.என்.ஏ. மாறுதல் அடைந்திருப்பது பின்னர் அறியப்பட்டது. சிலவகைக் கட்டிகளில் இம்மாற்றங்கள் செல் சுவாசத்தைக் குறைக்கின்றன. எனினும், பெரும்பாலான புற்றுசெல்களில் மைட்டோகாண்ட்ரியா தொடர்ந்து செயல்படுகிறது. புற்றுநோயைத் தூண்டும் முதன்மை மாற்றங்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களில் நிகழ்கின்றன. ஆகவே வார்பர்க் கண்ட நிகழ்வு உண்மை; அதற்கு அவர் கூறிய காரணம் முழுமையானதன்று.

நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை

* மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியாக வருவது. ஆனால் கட்டியில் காணப்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை கட்டியின் செல்களிலேயே தோன்றியவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. தாய்மார்கள் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.
* புற்றுசெல்கள் குளுக்கோஸை மிகுதியாக ஈர்க்கும் இயல்பே பெட் ஸ்கேன் பரிசோதனைக்கு அடிப்படை.
* உணவைக் குறைத்துக் கட்டியைப் பட்டினி போட இயலாது. உடல் தன் தசையைக் கரைத்தேனும் குளுக்கோஸை உண்டாக்கிக்கொள்ளும். எடை குறைந்தால், சிகிச்சையைத் தாங்கும் வலிமையும் குறையும்.
* நீரிழிவு உள்ளவர்கள் தமக்குக் கூறப்பட்ட உணவுமுறையைத் தொடர வேண்டும்.

உணவில் எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள்.