ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து டூரா? 1936-ல் ஒரு முடிவு... யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியது யார்? கிரிக்கெட் க்விஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. பதில், எம்.ஜே.கோபாலன். இதே மனுஷன் தயான் சந்தோட சேர்ந்து இந்தியாவுக்கு ஹாக்கியும் ஆடியவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் நாட்டுக்காக ஆடியும், ஒரே ஒரு முடிவால் ஒலிம்பிக் தங்கத்துக்கான வாய்ப்பைத் தவறவிட்டவர்.

கண்டெடுத்தது யார்?

பதிவுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. ஊர் செங்கல்பட்டு பக்கத்து மொறப்பாக்கம். வளர்ந்தது திருவல்லிக்கேணி. நல்ல உடல்வாகு, வேகம், களத்தில் சளைக்காத ஓட்டம் எல்லாம் இயற்கையாகவே இருந்தது. ஆனால் முறையான பயிற்சி கிடையாது. இன்றைக்கு இருப்பதுபோல அகாடமி, டிஎன்பிஎல், ஏலம் எதுவும் அப்போது இல்லை.

அந்த இளைஞரிடம் இருந்த சரக்கை முதலில் அடையாளம் கண்டவர் சி.பி.ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கென்ட் கவுன்ட்டிக்கும் ஆடிய ஆங்கிலேயர். மெட்ராஸில் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அதிகாரி. மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர்.

வேலைதான் பயிற்சிக்கு அஸ்திவாரம்

ஜான்ஸ்டன் பாராட்டிவிட்டுப் போயிடல. கோபாலனுக்கு பர்மா ஷெல்லிலேயே வேலைக்கு ஏற்பாடு செய்தார். இதுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம். அந்தக் காலத்தில் கிரிக்கெட் ஆடினால் வயிறு நிறையாது. மாதச் சம்பளம் இருந்தால்தான் கவலையில்லாமல் மைதானத்துக்குப் போக முடியும்.

பர்மா ஷெல்லின் வியாபாரம் துறைமுகத்தை நம்பியது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கப்பலில் வந்து இறங்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் எண்ணெய்க் கிடங்குகள் வளர்ந்தது அப்படித்தான். 1976-ல் அரசுடைமையான அந்த நிறுவனம்தான் இன்றைய பாரத் பெட்ரோலியம். துறைமுகம், ரயில்வே, வங்கி என்று பிற்காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்த வழக்கத்துக்கு இதுவும் ஒரு முன்னோடி.

அமெரிக்காவில் பேஸ்பால் கிளப்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பி, திறமையுள்ள பையன்களை ஒப்பந்தம் போட்டுப் பிடிக்கும். மெட்ராஸில் அந்த ஒப்பந்தத்தின் இடத்தில் இருந்தது ஆபீஸ் வேலை!

வெள்ளையர்களுக்கு எதிராக

1926-27 சீசனில் கோபாலன் முதல்தரப் போட்டிக்கு வந்தார். அப்போது மெட்ராஸின் பெரிய திருவிழா, பொங்கல் சமயத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்ச். எதிரணியில் யார்? வேலை வாங்கிக் கொடுத்த ஜான்ஸ்டனின் ஐரோப்பியர் அணி!

1934 ஜனவரியில் கொல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் வாய்ப்பு வந்தது. 1 விக்கெட், 18 ரன். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசினார். ஏ.ஜி.ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது.

இரண்டு குதிரையில் சவாரி

இன்னொரு பக்கம் ஹாக்கி. சென்டர் ஹாஃப் இடத்தில் கோபாலன் கில்லாடி. 1935-ல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன அணியில் இடம்பிடித்தார். 48 போட்டிகள், 48 வெற்றிகள், 584 கோல்கள். அந்த அணியைத் தோற்கடிக்க ஆளே இல்லை.

அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். ஹாக்கி தேர்வுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அதே கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்து கிளம்புகிறது, அதிலும் பெயர் இருக்கிறது. ஹாக்கியில் இனிமேல்தான் தேர்வாகணும். கிரிக்கெட்டில் இடம் ஏற்கெனவே கையில். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது என்ன?

விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் போன அந்த அணி பூசல்களால் சிதறியது. லாலா அமர்நாத் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். டெஸ்ட் தொடர் 0-2 எனத் தோல்வி. கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்டில்கூட இடமில்லை. அதே அணியில் இருந்த இன்னொரு மெட்ராஸ்காரர், டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய கோட்டா ராமசாமி, 40 வயதில் டெஸ்ட் அறிமுகம் பெற்று 40, 60 ரன்கள் அடித்தார்.

பெர்லினில் ஆகஸ்ட் 15 அன்று இறுதிப்போட்டியில் இந்தியா ஜெர்மனியை 8-1 என வீழ்த்தித் தங்கம் வென்றது. கோபாலனுக்கு அதன்பிறகு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை.

மிச்சம் இருப்பது

அதற்காக அவர் மட்டையைக் கீழே வைத்துவிடவில்லை. முதல்தர கிரிக்கெட்டில் 194 விக்கெட்டுகள், ஒரு சதம் உட்பட 2,916 ரன்கள். பின்னாளில் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். ஒரு காலத்தில் தன்னை யாரோ கண்டெடுத்ததுபோல, அடுத்த தலைமுறையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1952-53 முதல் மெட்ராஸும் இலங்கையும் மோதிய தொடருக்கு கோபாலன் கோப்பை என்றே பெயர். 2003 டிசம்பர் 21-ல் சென்னையில் காலமானார்.

ஒரு இளைஞனிடம் திறமை இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு கண் போதும். அதைக் காப்பாற்ற ஒரு மாதச் சம்பளம் வேண்டும். கோபாலனுக்கு இரண்டுமே கிடைத்தன. 1936-ல் கைகொடுக்காதது காலம் மட்டும்தான்.